நாக்குப்பூவுக்கு அடித்த நாலு குச்சி

தோட்டத்தில் என்னைத் தண்ணிக்காரன் என்பார்கள். பழனியாண்டி என்று அப்பன் வைத்த பெயர், சம்பளத்தன்று கிளாக்கர் கூப்பிடும்போது மட்டும்தான் என் காதில் விழும். அக்கரப்பத்தனைக்கு மேலே காட்டு ஓரத்தில் ஒரு சின்ன அணை இருக்கிறது. அங்கிருந்து தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குத் தண்ணீர் கொண்டுவருகிற கான், வாய்க்கால்தான், நாலரை மைல். அந்தக் கானை இலை அடைக்காமல், கரை உடையாமல், மாடு இறங்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. காலையில் மேலே போவேன், மாலையில் கீழே வருவேன். கையில் ஒரு மம்பட்டி, தோளில் ஒரு கம்பளி, அவ்வளவுதான்.

கொழுந்து மலையில் வேலை என்றால் நாள் முழுக்க வாய் ஓயாது. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி வம்புக்கு இழுப்பார்கள், கங்காணி எல்லோரையும் சேர்த்து ஏசுவார். என் வேலையில் ஏசுவதற்குக்கூட ஆள் கிடையாது. என் பெண்சாதி ராக்காயி இருந்தவரை வீட்டுக்கு வந்தால் அவளாவது ஏசுவாள். ஐம்பத்தாறில் காய்ச்சல் வந்து அவளும் போய்விட்டாள். பிள்ளை குட்டி இல்லை. வீடும் மற்றவர்களைப் போல வரிசை வீட்டு லயத்தில் இல்லை. கானின் பாதி வழியில் உள்ள தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. தனி வீடு, கொடுத்து வைத்தவன் என்று லயத்துக்காரர்கள் சொல்வார்கள். வந்து ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும், தெரியும் சேதி.

அறுபதாம் ஆண்டு பங்குனியில் ஒருநாள், கான் ஓரத்தில் ஓர் அம்மா முழங்காலில் குனிந்து கிடந்ததைப் பார்த்தேன். காலில் கன்வஸ் சப்பாத்து, பக்கத்தில் விரித்தபடி குடை. விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து மம்பட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"விழுந்துட்டீங்களாம்மா?"

"இல்லை. இந்தப் பூவுக்கு இஞ்ச என்ன பெயர் சொல்லுறவை?"

யாழ்ப்பாணத்துப் பேச்சு. அவர் விரலால் தொட்டுக் காட்டியது மஞ்சளாக, மிளகளவில் ஒரு பூ. தினமும் நான் மிதித்துப் போகிற பூ. அதற்குப் பெயர் இருக்கிறதா என்று நான் யோசித்ததே இல்லை. ஆனால் தெரியாது என்று சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடுமே.

"கம்மல்பூங்க" என்றேன்.

அந்த அம்மா அதை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார். நான் சொன்ன சொல்லை ஒருவர் எழுதி வைத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மனசுக்குள் கொஞ்சம் உறுத்தியது, அதைவிடப் பெருமையாக இருந்தது.

அவர்தான் சிவபாக்கியம் டீச்சர், அட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இந்த மலைகளில் தானாக முளைக்கிற செடி எதெது, எந்த இடத்தில், எந்த மாதத்தில் பூக்கிறது என்று ஒன்று விடாமல் எழுதி வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஒருத்தியால் ஆகிற வேலை இல்லை என்பதால் மாதம் ஒருமுறை ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடப்பாராம். தேயிலையைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், தேயிலைக்காகப் பிடுங்கி எறிகிற செடிகளைப் பற்றி எழுதத்தான் ஆள் இல்லை என்றார். எங்கள் கான் வழியே நடக்கத் தோட்டத்துத் தொரைக்குக் கடிதம் எழுதி அனுமதியும் வாங்கிவிட்டார். வழி காட்ட என்னைக் கேட்டார்.

இப்படித்தான் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு எனக்குக் கிடைத்தது.

முதல் தடவை பதினாலு பேர் வந்து இறங்கினார்கள். டீச்சர்மார், ஆஸ்பத்திரித் தாதிமார் இருவர், தபால் கந்தோரில் வேலை செய்யும் ஒருவர், பெரிய வகுப்புப் பிள்ளைகள். லிந்துலையில் கொப்பி, பென்சில் கடை வைத்திருக்கும் ஹுசைன் நானா ஒரு கட்டுப் பழைய பேப்பரும் இரண்டு பலகையும் தூக்கிக்கொண்டு வந்தார். ஆளுக்கொரு வேலை. ஒருவர் அடிமட்டம் வைத்து உயரம் அளப்பார், ஒருவர் இதழ் எண்ணுவார், ஒருவர் இலையைப் படமாக வரைவார். நானா பேப்பருக்கு நடுவில் பூவை வைத்துப் பலகையால் இறுக்கிக் கட்டுவார். டீச்சர் பெரிய பதிவுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதுவார். யாருக்கும் இதில் ஒரு சதம் கிடையாது. பஸ்ஸுக்கும் அவரவர் கைக்காசுதான். ஞாயிற்றுக்கிழமையில் இப்படியும் பைத்தியங்களா என்று முதலில் நினைத்தேன். மூன்றாம் மாதம் நானும் அந்தப் பைத்தியத்தில் சேர்ந்துவிட்டேன்.

முந்தின நாள் சனிக்கிழமையே வழியெல்லாம் புல்லை வெட்டி வைப்பேன். வழுக்குகிற இடத்தில் கல் போடுவேன். ஆளுக்கொரு துணி முடிச்சில் உப்பும் புகையிலையும் கட்டி வைப்பேன், அட்டை கடித்தால் ஒற்றிக்கொள்ள. சாயங்காலம் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, மறுநாள் எந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். யாராவது பார்த்திருந்தால் தண்ணிக்காரனுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று கோடாங்கியைக் கூட்டி வந்திருப்பார்கள். ஞாயிறு காலை ஏழரை பஸ்ஸுக்கு ஆறு மணிக்கே போய்ச் சந்தியில் நிற்பேன். பஸ்ஸிலிருந்து "பழனியாண்டி!" என்று யாராவது கை காட்டுவார்கள். அந்த ஒரு சத்தத்துக்காக முப்பது நாளும் நடக்கலாம்.

நாக்குப்பூவைக் காட்டியதும் அப்படி ஒரு ஞாயிற்றில்தான். அறுபத்தொன்று மே மாதம். ஒன்பதாம் நம்பர் தேயிலை மலை முடிகிற இடத்துக்கு மேலே கொஞ்சம் பத்தனைப் புல்வெளி கிடந்தது, தொரை இன்னும் கை வைக்காத இடம். கான் அதன் ஓரமாகப் போகும். அங்கே வருஷா வருஷம் சித்திரை மழைக்குப் பிறகு ஒரே ஒரு செடி முளைக்கும். ஒரு சாண் தண்டு, அதைச் சுற்றி வெள்ளையாகச் சின்னச் சின்னப் பூக்கள். ஒவ்வொரு பூவும் பச்சை நாக்கை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நாக்குப்பூ என்பது நானே வைத்த பெயர், எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஏழெட்டு வருஷமாக நானும் யாரும் பார்க்காத சமயம் பதிலுக்கு நாக்கை நீட்டிவிட்டுத்தான் போவேன்.

டீச்சர் அதைப் பார்த்ததும் குடையைக் கீழே போட்டார். மெல்ல முழங்காலில் இறங்கினார். வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

"இது நான் பார்த்த ஒரு புத்தகத்திலயும் இல்லை" என்றார் கடைசியில்.

சுற்றுப்புறமெல்லாம் தேடினோம். அந்த ஒரு செடியைத் தவிர வேறு இல்லை. அதனால் கிழங்கோடு எடுக்க டீச்சர் சம்மதிக்கவில்லை. ஒரே ஒரு பூவை மட்டும் நகத்தால் கிள்ளி நானாவின் பேப்பருக்குள் வைத்தார். அதைப் பேராதனையில் இருக்கும் ரத்நாயக்க மாத்தயாவுக்கு அனுப்பினார். செடிகளைப் பற்றியே படித்து முடி நரைத்த மனிதராம். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. காய்ந்த ஒற்றைப் பூவை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஆனால் இது புதிதாகவும் இருக்கலாம், அடுத்த வருஷம் பூக்கும்போது சொல்லுங்கள், நானே வருகிறேன் என்று எழுதியிருந்தார். டீச்சர் அந்தக் கடிதத்தை எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார்.

அந்த வருஷம் போன விதத்தைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். ஆடி மழையில் ஆறு பேர் வராமல் நின்றுவிட்டார்கள். தாதிமாருக்கு இடமாற்றம் வந்தது. பிள்ளைகளுக்குப் பரீட்சை. தபால் கந்தோர்காரர் கல்யாணம் செய்துகொண்டார், அப்புறம் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஏது? மார்கழியில் ஐந்து பேர், மாசியில் நாலு. அறுபத்திரண்டு ஏப்ரலில் பஸ்ஸிலிருந்து இறங்கியது டீச்சரும் ஹுசைன் நானாவும் மட்டும். நான் கட்டி வைத்திருந்த பத்து முடிச்சில் எட்டு முடிச்சு அப்படியே என் மடியில் இருந்தது.

அன்று திரும்பும்போது டீச்சர் சொன்னார்: "மே மாதம் அந்தப் பூவைக் கண்டால் மாத்தயாவும் வருவார், விட்டுப்போன ஆக்களும் திரும்பி வருவினம். காணாட்டில் இதோட நிப்பாட்டுவம், பழனியாண்டி. எனக்கும் முழங்கால் ஏலாது. ரெண்டு பேருக்காக நீங்களும் ஏன் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுக்கிறது?"

என் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுக்கிறார்களாம்! படித்தவர்களுக்குச் சில விஷயம் எவ்வளவு சொன்னாலும் புரியாது. நானும் சொல்லவில்லை. "பூக்கும்மா, கண்டிப்பாப் பூக்கும்" என்று மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் கடைசியில் தண்டு தலை நீட்டியது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. மாட்டுக்காரன் மாட்டை அந்தப் பக்கம் ஓட்டிவிடுவானோ, புல்லறுக்க வருகிற பெண்கள் அதையும் சேர்த்து அறுத்துவிடுவார்களோ என்று ஒரே பயம். வேலி கட்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவே ஆள் வரும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அன்று என்னைவிடப் புத்திசாலி இந்தத் தோட்டத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

புதுத் தேயிலை நடுகிற இடத்தில் முதலில் வரிசை பிடித்துக் குச்சி அடிப்பார்கள். தலையில் சுண்ணாம்பு பூசிய முழ நீளக் குச்சி. தொரை அடிக்கச் சொன்ன குச்சி என்றால் அதை ஒருவரும் அசைக்க மாட்டார்கள். பிடுங்கினவனை வேலையை விட்டே நிறுத்திவிடுவார்கள். மாட்டுக்காரன்கூட மாட்டை வளைத்துக்கொண்டுதான் போவான். பிறந்ததிலிருந்து குச்சிக்குப் பயந்து வளர்ந்த ஜனங்கள் நாங்கள். ஸ்டோருக்குப் பின்னால் கட்டுக் கட்டாய்க் கிடந்த குச்சியில் நாலை எடுத்துக் கம்பளிக்குள் மறைத்துக்கொண்டு வந்து, நாக்குப்பூவைச் சுற்றி நாலு பக்கமும் அடித்தேன். மறுநாளே பலன் தெரிந்தது. புல்லறுக்க வந்த இரண்டு பெண்கள் அந்த இடத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

பூக்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. தினமும் போகும்போதும் வரும்போதும் எண்ணினேன். மே மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை பதினேழு பூ விரிந்து, உச்சியில் இரண்டு மொட்டு இருந்தது. லிந்துலைக்கு இறங்கிப்போய் நானாவின் கடையில் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நான் இண்டைக்கே டீச்சருக்குத் தந்தி குடுக்கிறேன். அல்லாஹ் காப்பாத்தினான். இனி பாருங்க, எல்லாரும் வருவாங்க."

புதன்கிழமை புயலடித்தது. காட்டில் ஒரு மரம் சாய்ந்து அணையின் வாய்க் குழாயை நசுக்கிவிட்டது. ஸ்டோருக்குத் தண்ணீர் இல்லை. மூன்று நாள் நானும் இரண்டு ஆட்களும் மலையின் மறுபக்கத்து வண்டிப் பாதை வழியாகக் குழாயும் சாமானும் தூக்கிப் போய் வேலை செய்தோம். கான் வழியே வர நேரமே இல்லை. பூ பத்திரமாக இருக்கும், குச்சி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெய்த மழையோடு வானம் வெளுத்தது. சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து கான் வழியாக இறங்கினேன்.

பத்தனைப் புல்வெளி இல்லை. செம்மண்தான் தெரிந்தது. புல்லையெல்லாம் செதுக்கிவிட்டு வரிசை வரிசையாகக் குச்சி அடித்து, குச்சிக்கொரு குழியும் வெட்டியிருந்தார்கள். தொரை ஒன்பதாம் நம்பர் மலையைக் கான் வரைக்கும் நீட்டச் சொல்லிவிட்டாராம். வெட்டுகிற கூட்டத்துக் கங்காணி பொன்னையா ஒரு கல்லில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"வாப்பா தண்ணிக்காரா. இங்க வந்து இந்தக் கூத்தப் பாரு" என்று கூப்பிட்டார்.

நாக்குப்பூ இருந்த இடத்தில் நாலு குழி. ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே பள்ளமாகிவிட்டது. உள்ளே மழைத் தண்ணீர் தேங்கி நின்றது.

"எந்த மடையன் அடிச்ச குச்சியோ! மத்ததெல்லாம் நாலடிக்கு ஒண்ணு, இங்க மட்டும் சாணுக்கு ஒண்ணு. குழி வெட்டுன பேச்சியம்மா கூடக் கேட்டா, கங்காணி, இது சரியான குச்சியாங்கன்னு. நாந்தான் சொன்னேன், குச்சி இருந்தா குழி இருக்கணும், யோசிக்கிறது குச்சி அடிக்கச் சொல்ற கண்டாக்கு அய்யா வேல, நம்ம வேலயான்னு. வெட்டிட்டா. வியாழக்கிழம."

என்ன சொல்வது? அந்த மடையன் நான்தான் என்றா?

பொன்னையா எழுந்து போன பிறகு, பள்ளத்தின் ஓரத்தில் குவிந்திருந்த மண்ணைக் கையால் கிளறினேன். தண்டு கிடைத்தது. பூக்கள் நசுங்கி மண்ணோடு ஒட்டியிருந்தன. ஒன்றிரண்டு மட்டும் இன்னும் வெள்ளையாக, நாக்கை நீட்டிக்கொண்டிருந்தன. கிழங்கு சிறுவிரல் அளவு, மம்பட்டி பட்டு இரண்டாகப் பிளந்திருந்தது. ராக்காயி செத்தபோது நான் ஊர் பார்க்க அழவில்லை. அந்த மண்ணில் உட்கார்ந்து அழுதேன்.

கிழங்கையும் தண்டையும் மடியில் கட்டிக்கொண்டு உடனே லிந்துலைக்கு இறங்கினேன். நானாவிடம் சொன்னால் டீச்சருக்குத் தந்தி கொடுப்பார், அவ்வளவு தூரம் வீணாக வந்து அலைய வேண்டாம். பாதி வழியில், பாலத்துக்குப் பக்கத்தில், என் கால் நின்றுவிட்டது.

சொன்னால் வரமாட்டார்கள். நாளைக்கும் வரமாட்டார்கள், அப்புறம் எப்போதும் வரமாட்டார்கள். சொல்லாவிட்டால் நாளை ஒரு நாளாவது வருவார்கள். கணக்கு அவ்வளவுதான். அதைப் போட எனக்கு வெகுநேரம் ஆகவில்லை. முதல் நாளே தெரிந்தவன் என்று யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று, மடியில் இருந்ததை அவிழ்த்து ஆற்றில் போட்டுவிட்டு, வந்த வழியே திரும்பினேன். அன்று மாலை பத்து முடிச்சு கட்டினேன். பூவைக் காணோம் என்றதும் எப்படி மார்பில் அடித்துக்கொண்டு "அய்யய்யோ" என்று கத்துவது என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன்.

மறுநாள் பதினோரு பேர் வந்தார்கள். தாதிமாரில் ஒருவர் நானுஓயாவிலிருந்து வந்திருந்தார். தபால் கந்தோர்காரர் பெண்சாதியையும் கூட்டி வந்திருந்தார். ரத்நாயக்க மாத்தயா கடைசியாக, கைத்தடி ஊன்றி இறங்கினார். டீச்சர் புதுச் சப்பாத்து போட்டிருந்தார். ஒரு முடிச்சு குறைந்துபோயிற்று. எனக்கானதைக் கொடுத்துவிட்டேன்.

நேர் வழியை விட்டுச் சுற்று வழியாகக் கூட்டிப்போனேன். அந்த நடையைப் போல இன்னொன்று இல்லை. மேகமில்லாத வானம், கானில் புதுத் தண்ணீர். பாறை இடுக்கில், ஈரச் சரிவில், காட்டு ஓரத்தில் என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் காட்டினேன். மாத்தயா சிங்களத்தில் கேட்பார், நானும் தெரிந்த சிங்களத்தில் பதில் சொல்வேன். இந்தச் செடி எந்தப் பக்கத்து வெயிலை விரும்புகிறது, எந்த மழைக்குப் பூக்கிறது, எந்த எறும்பு இதில் ஏறும் என்று கேட்டார். எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. பத்து வருஷம் தனியாக நடந்தவனுக்குத் தெரியாமல் போகுமா? அந்தப் பெரிய மனிதர் ஓரிடத்தில் நின்று, இவர் சொல்வதையெல்லாம் எழுதுங்கள் என்று மற்றவர்களிடம் சொன்னார். நான் சந்தோஷமாக இருந்தேன். நடக்கப்போவது தெரிந்தும் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைக்க விரும்பவில்லை.

"இண்டைக்கு ஏன் இவ்வளவு சுத்து?" என்று டீச்சர் ஒரு தடவை கேட்டார்.

"நேர் வழி வழுக்குதும்மா" என்றேன்.

கடைசியில் அந்த இடம் வந்துவிட்டது. எத்தனை சுற்றினாலும் மலை ஒன்றுதானே.

டீச்சர்தான் முன்னால் போனார். செம்மண்ணைப் பார்த்ததும் நின்றார். பிறகு அவரால் முடியாத முழங்காலை வைத்துக்கொண்டு ஓடினார். பள்ளத்தின் ஓரத்தில் இறங்கி, புதுச் சப்பாத்தோடு, சேற்றுத் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினார். மண்ணை அள்ளி அள்ளி விரலிடுக்கில் பார்த்தார். "இஞ்சதான், இஞ்சதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் மார்பில் அடித்துக்கொள்ள வேண்டிய நேரம் அது. கை எழும்பவில்லை.

ஹுசைன் நானா குனிந்து குழியைப் பார்த்தார். கடைக்காரர், எதையும் உற்றுப் பார்க்கிற கண்.

"குழியில தண்ணி நிக்குது. நேத்து மழையே இல்லியே, அப்ப அதுக்கு முந்தி வெட்டின குழிதானே" என்றார் மெதுவாக. "பழனியாண்டி, நீங்க நேத்து இந்த வழியா வந்தீப்பீங்களே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"வந்தேங்க" என்றேன். "குச்சி நான் அடிச்சதுங்க. யாரும் தொடக்கூடாதுன்னு அடிச்சேன். தொரை குச்சின்னு நெனச்சு வெட்டிப்புட்டாங்க. நேத்தே பாத்துட்டேன்."

டீச்சர் பள்ளத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. அப்படியே தலையைத் தூக்கினார்.

"நேற்றே தெரியுமோ? பிறகேன் எங்களை இவ்வளவு தூரம் நடக்க விட்டனீங்கள்?"

"சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டீங்கம்மா" என்றேன். "எனக்குப் பேசறதுக்கு ஆள் இல்லம்மா."

தபால் கந்தோர்காரரின் பெண்சாதி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரத்நாயக்க மாத்தயாவுக்கு விஷயத்தை நானா சிங்களத்தில் சொன்னார். அவர் கோபப்படவில்லை. கைத்தடியை ஊன்றி என் அருகில் வந்து, அந்தச் செடியின் துண்டு துணுக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். முழுச் செடி தேவையில்லை, நசுங்கின பூ போதும், வெட்டுப்பட்ட கிழங்கு போதும், ஈரத் துணியில் சுற்றி வைத்திருந்தால் அதை வைத்தே எல்லாம் சொல்லிவிடலாம், பாதிக் கிழங்கு மறுபடி முளைத்தாலும் முளைக்கும் என்றார்.

"எங்கே அது?" என்று கேட்டார்.

"ஆத்துல போட்டுட்டேன்" என்று அவருக்குச் சிங்களத்தில் சொன்னேன்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கையை மட்டும் என் தோளில் வைத்து எடுத்தார். முதல் நாள் அந்தப் பாலத்தைத் தாண்டி இன்னும் ஒரு மைல் நடந்திருந்தால் போதும். பூவுக்குப் பெயர் கிடைத்திருக்கும், இவர்கள் எல்லோரும் மாதா மாதம் வந்திருப்பார்கள். ஒரே ஒரு மைல். நாலரை மைல் கானைத் தினமும் நடக்கிறவனுக்கு அது ஒரு தூரமா?

டீச்சர் கையைக் கானில் கழுவி, சேலையில் துடைத்து, பதிவுப் புத்தகத்தைத் திறந்தார். தேதியை எழுதினார். இடத்தை எழுதினார். பேனா நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை.

"பதினேழு பூ விரிஞ்சிருந்ததும்மா. ரெண்டு மொட்டு. செவ்வாக்கெழம எண்ணினேன். தண்டு ஒரு சாணும் மூணு வெரலும். எழுதிக்கங்கம்மா."

டீச்சர் என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் குரலில் கோபமே இல்லை.

"நாங்கள் கண்டதை மட்டும்தான் எழுதிறது, பழனியாண்டி."

'காணவில்லை' என்று எழுதிவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

இறங்கும்போது நேர் வழியாகவே இறங்கினார்கள். அந்த வழி இப்போது எல்லோருக்கும் தெரியும், நான்தானே காட்டிக் கொடுத்தேன். ஹுசைன் நானா மட்டும் பின்தங்கி நின்றார்.

"வாங்க, பஸ் வரைக்கும் சேந்து போவோம்" என்றார். "டீச்சருக்கு மனசு ஆறிடும். கடைப் பக்கமும் வாங்க, சும்மா பேசிட்டு ஈக்கலாம்."

"மேல தண்ணி பாக்கணும் நானா" என்றேன். பார்க்க ஒன்றும் இல்லை. முந்தின நாள்தான் எல்லாம் சரி செய்திருந்தோம். ஆனால் அந்த முகங்களுக்குப் பக்கத்தில் நடக்க என்னால் முடியவில்லை. அவர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் பலகைக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனார். அந்தப் பேப்பருக்குள் அன்று நான் காட்டிய மற்றப் பூக்கள் எல்லாம் இருந்தன. வளைவில் அவர்கள் பேச்சுச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. யாரோ இருமினார்கள். பிறகு அதுவும் இல்லை.

நடை நின்றுபோயிற்று. டீச்சர் அந்த வருஷக் கடைசியில் ஊருக்கே மாற்றம் வாங்கிக்கொண்டு போனதாக லயத்தில் யாரோ பேசிக்கொண்டார்கள். நானாவின் கடைக்கு நான் போகவில்லை. போகலாம் போகலாம் என்று நினைத்தே மாதங்கள் போய்விட்டன, அப்புறம் போக வெட்கமாக இருந்தது.

அடுத்த வருஷம் சித்திரை மழை பெய்தது. ஒன்பதாம் நம்பர் மலையில் புதுத் தேயிலைக் கன்றுகள் முழங்கால் உயரம் வந்திருந்தன. ஒரு கிழங்குத் துண்டாவது மண்ணுக்குள் தப்பிக் கிடந்திருக்காதா என்று, மே மாதம் முழுக்கத் தினமும் அந்த இடத்தில் நின்றேன். இரண்டாம் ஞாயிற்றன்று, டீச்சர் செய்வதைப் போல முழங்காலில் இறங்கி, கன்றுகளுக்கு நடுவில் புல்லை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. முளைத்திருந்தாலும் அதை யாரிடம் போய்ச் சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.